முலுண்ட் வருவதற்குள் முடிகிற கதைகள்

சண்முகவடிவை நான் முதன்முதலில் பார்த்த அன்று அவள் அழுதுகொண்டிருந்தாள். எட்டு நாற்பத்தொன்றுக்கு வருகிற, தானே என்கிற ஊர் வரை போகிற ஸ்லோ லோக்கல் ரயில், பெண்கள் பெட்டி. நான் மாட்டுங்காவில் ஏறுகிறவள். அவள் அடுத்த ஸ்டேஷனான சயானில் ஏறுகிறவள். காலை வேளையில் பம்பாய் முழுக்கத் தெற்கே பார்த்து நசுங்கிக்கொண்டு போகும்போது, முலுண்ட் பக்கம் வேலை கிடைத்த எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் உட்கார இடம் இருக்கும். எதிர் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி சத்தமே இல்லாமல் அழுதாள். கட்டைவிரல் மட்டும் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஐம்பத்தாறு வயதாகிறது, இனிமேல் அது திருந்தப்போவதும் இல்லை. "ஏன்டிம்மா, யாராவது ஏமாத்திட்டானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "இல்ல மாமி. இந்த ஆளு குடையத் திருப்பிக் குடுக்க வந்திருக்கான். இவ அதுக்குள்ள டிரான்ஸ்பர் ஆயிப் போயிட்டா."

"எந்த ஆளு? எவ போயிட்டா?"

"கேம்ல மாமி."

தலையில் அடித்துக்கொண்டேன். கேம் என்றால் என் பிள்ளை சாஹில் விளையாடுவதுதான் எனக்குத் தெரியும். டுமீல் டுமீல் என்று சுட்டுக்கொண்டே இருப்பான். (சாஹில் என்று பெயர் வைத்தது என் மாமியாருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை, அது வேறு கதை.) கேம் விளையாடிவிட்டு அழுகிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன். என்னதான் இருக்கிறது காட்டு என்றேன். போனைத் திருப்பிக் காட்டினாள். கையால் வரைந்த ஒரு பஸ் டெப்போ. தொலைந்த பொருட்களை வாங்கி வைக்கிற கவுண்டர். அதன் பின்னால் காலியான ஒரு நாற்காலி. கீழே நாலு வரி எழுத்து. தட்டினால் அடுத்த நாலு வரி. அவ்வளவுதான். ஓடுவது, குதிப்பது, ஜெயிப்பது ஒன்றும் கிடையாது.

இதற்கு விஷுவல் நாவல் என்று பெயராம். பெரிய கம்பெனிகள் செய்வதல்ல. எந்த ஊரிலோ ஒரு பெண், அல்லது ஒரு பையன், தன் மனசில் கிடந்து அறுக்கிற ஒரு விஷயத்தைப் படமும் எழுத்தும் கொஞ்சம் சங்கீதமுமாகப் போட்டு இன்டர்நெட்டில் சும்மா வைத்துவிடுவார்களாம். படித்துக்கொண்டே போகும்போது திடீரென்று கேட்கும், நீ என்ன சொல்லப்போகிறாய் என்று. இரண்டு மூன்று பதில் இருக்கும். ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதற்கேற்ப கதை போகும். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். சயானில் ஆரம்பித்தால் முலுண்ட் வருவதற்குள் சரியாக இருக்கும் என்றாள்.

அன்றிலிருந்து அவளை விடவில்லை. ஆடுகிற வண்டியில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க என் கண்ணாடி உதவாது. அவளுக்கோ தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தாராவியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவள். ஆனால் வாய்த் தமிழ் அச்சு அசல் திருநெல்வேலி. ஆங்கிலத்தில் ஓடுகிற கதையை அந்தத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். ஜப்பான்காரியோ பிரேசில்காரியோ, எல்லோரும் "என்னத்தச் சொல்லுதது" என்று பேசிக்கொள்வார்கள். சிரிப்பாக வரும். விக்ரோலி ஸ்டேஷன் தாண்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

செத்துப்போன அம்மாவின் வீட்டைக் காலி செய்கிற அக்கா தங்கை கதை ஒன்று. ஒவ்வொரு பாத்திரமாகத் திரையில் வரும், யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டும். நான் எல்லாவற்றையும் தங்கைக்கே கொடுக்கச் சொன்னேன், சின்னவளாயிற்றே என்று. கடைசியில் பார்த்தால் அந்த அக்காவுக்கு அம்மாவின் சாமான் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வெறும் கையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். "பின்னாடி போடி, மாத்திப் போடலாம்" என்றேன்.

"நா பின்னாடி போமாட்டேன் மாமி. ஒரு தடவதான்."

"போக முடியும்னா போயேன். உன் கேம்தானே."

"போவ முடியும். போமாட்டேன். போனா என்ன மத்லப், என்ன அர்த்தம் இருக்கு, சொல்லுங்க."

இதற்காக நாங்கள் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். பக்கத்தில் பட்டாணி உரிக்கிற குஜராத்திப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ செய்த தப்பைத் திருத்த வழியிருந்தும் திருத்தாமல் விடுகிற ஜன்மத்தைக் கண்டால் எரிச்சல். இவளுக்கு இருபத்தேழு வயதில் எங்கிருந்து இவ்வளவு பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் வேலை அப்படி. முலுண்டில் மருத்துவ இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற ஆபீஸ். நாள் முழுக்க யாரோ ஒருவருடைய டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர், வயது, வியாதி, கடைசியில் என்ன ஆயிற்று. குணமாகிப் போனவர் ஒரு கட்டம். இறந்தவர் ஒரு கட்டம். டாக்டர் சொல்லைக் கேட்காமல் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் இன்னொரு கட்டம். அந்த மூன்றாவது கட்டத்தை அமுக்கும்போதெல்லாம் தனக்குக் கை கூசும் என்று ஒருநாள் சொன்னாள். அதற்குக் காரணம் சொல்ல அவளுக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

நாலு வருஷத்துக்கு முன் அவள் அப்பா, டாக்டர் வேண்டாமென்றும் கேட்காமல், அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் நாள் அம்மா போய்விட்டாள். நடு வீட்டில் பிணம் கிடக்க, தாராவித் தொண்ணூறடி ரோட்டுச் சனம் பாதி கூடியிருக்க, இவள் அப்பாவைப் பார்த்து, "நீதான் கொன்ன" என்று சொல்லிவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. காரியம் முடிந்த கையோடு தோல் பட்டறை வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாங்குநேரிக்குப் பக்கத்தில் தன் தங்கை வீட்டோடு இருந்தார். ஒரு வருஷம் கழித்துத்தான் அண்ணன் மாரீஸ்வரன் இவளிடம் சொன்னான், அம்மாதான் அப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம், என்னை இந்தக் கட்டிலில் சாக விடாதே என்று. பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம், பயப்படுவார்கள் என்றும் சொன்னாளாம். மனிதர் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்.

அதற்கப்புறம் இவளுக்கு அப்பாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா. அதைச் சொல்ல இவளால் முடியவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். அண்ணன் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பாள். அவரும் "வடிவு சாப்பிட்டாளா" என்று கேட்பாராம், கொடு என்று கேட்கமாட்டாராம்.

"இப்பவே பண்ணுடி. நான் இருக்கேன் பக்கத்துல" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"போன்ல வேணாம் மாமி. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். முன்னால ஒக்காந்து சொல்லுதேன்."

அவள் தேடித் தேடி விளையாடியதெல்லாம் எந்த மாதிரி கதைகள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ சொல்ல வேண்டும். சொல்வதற்குள் நேரம் போய்விடும். எல்லாவற்றிலும் அதுதான். கஸ்டமர் கேர் பெண்ணிடம் போன் பழுது என்று பொய் சொல்லிப் பேசுகிற கிழவன், பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு வருகிற பழைய வாத்தியார், எல்லாம் ஒரே கதை. விளையாட்டென்று பெயர் வைத்து இவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி.

தீபாவளி போய் ஒரு வாரம். காட்கோபரில் வண்டி நிற்கும்போது அவள் போன் அடித்தது. அத்தை புருஷன் நெல்லையப்பன். சத்தமாகப் பேசுகிற மனிதர், எனக்கே கேட்டது. "அப்பாவுக்கு சீரியஸா இருக்கு தாயி. முகத்தப் பாக்கணும்னா ஒடனே பொறப்பட்டு வா."

போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்காமலேயே பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து பம்பாய்க்கு யாராவது செத்தார்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்களா? சீரியஸ் என்பார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வா என்பார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் வழியிலேயே உடைந்துபோகக் கூடாதென்று அப்படி ஒரு வழக்கம். என் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அதை நம்பினேன். தாதரில் ஏறியதிலிருந்து கும்பகோணம் போய் இறங்குகிறவரை எத்தனை சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன். தெருமுனையில் திரும்பினால் பந்தல். அண்ணா மொட்டைத் தலையோடு நிற்கிறான். அன்றைக்குப் பட்டதை நான் யாருக்கும் நினைக்கமாட்டேன். நம்பிக்கை மாதிரி ஒரு கொடுமை கிடையாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அவள் அதற்குள் மாமாவைத் திரும்பக் கூப்பிட்டாள். "மாமா, உள்ளதச் சொல்லுங்க. அப்பா இருக்காவளா?"

"இருக்காவ தாயி. சீரியஸாத்தான் இருக்கு. சீக்கிரம் வா."

அவர் வேறு எப்படித்தான் சொல்வார்? செத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். நிஜத்தைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தையே இல்லை. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. எனக்கு எல்லாம் தெரியுமே.

வடிவு போனில் பிளைட் பார்த்தாள். மத்தியானம் சென்னைக்கு ஒன்று, அங்கிருந்து சாயங்காலம் தூத்துக்குடிக்கு ஒன்று. இடம் இருந்தது. "ராத்திரிக்குள்ள போயிருவேன் மாமி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "வேண்டாம்டி கொழந்தே. நான் சொல்றதைக் கேளு. அப்பா போயாச்சு. நம்ம ஊர்ல போன்ல இப்படித்தான் சொல்லுவா. கொள்ளி வைக்க உங்கண்ணா போய்ச் சேர்ந்தாகணும், அதுவரைக்கும் எடுக்கமாட்டா. நீ தனியா ஓடி என்ன ஆகப்போறது? அண்ணா மன்னியோட ரயில்ல நிதானமா போ."

அவள் அழவில்லை. பிளைட் பக்கத்தை மூடினாள். நான் இன்னும் ஒன்று சொன்னேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வழியில மாமா கூப்பிட்டா எடுக்காதே. வாய் தவறிச் சொல்லிடுவார். முன்பின் தெரியாதவா நடுவுல உக்காந்துண்டு நீ என்ன பண்ணுவ? போய்ச் சேர்றவரைக்கும் யார் போனும் எடுக்காதே."

"சரி மாமி" என்றாள். விக்ரோலியில் இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்தில் திரும்பிப் போகிற வண்டியைப் பிடித்தாள்.

வீட்டுக்கு அவள் போவதற்குள் மாரீஸ்வரனும் அப்பா போய்விட்டார் என்றேதான் முடிவு செய்திருந்தான். ஊர்க்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழத் தொடங்கியிருந்தார்கள். தாராவியில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் வடிவின் அப்பா, சுயம்பு என்கிற அந்த மனிதர், ஸ்பூனால் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி குர்லா டெர்மினஸிலிருந்து தட்கலில் கிளம்பினார்கள். அண்ணன் குடும்பத்துக்கு ஒரு பெட்டி, இவளுக்கு வேறு பெட்டி. மறுநாள் காலை வண்டி கர்நாடகத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தபோது சுயம்புவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, "புள்ளட்ட பேசணும்" என்றிருக்கிறார். எந்தப் பிள்ளை என்று மாமா கேட்டாராம். "வடிவுட்ட" என்றாராம்.

மாரீஸ்வரன் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மாமா இவளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் வைத்திருந்தது பொத்தான் போன், கூப்பிட மட்டும்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஏழு தடவை. ஏழு தடவையும் இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் போய்விட்டார். அதற்கப்புறம் மாமா கூப்பிடவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்ததும் அவளேதான் சொன்னாள். அதே எட்டு நாற்பத்தொன்று, அதே எதிர் சீட். வந்து உட்கார்ந்தாள். நான் துக்கம் விசாரிக்க வாயெடுத்தேன். அதற்குள், "மாமி, அப்பா மறுநா சாயங்காலம் வரைக்கும் இருந்தாவ" என்றாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. ஒரு குற்றம்கூடச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளை வாசிக்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

திட்டியிருந்தால் தேவலை. "ஒனக்கு என்ன தெரியும்னு சொன்ன" என்று அந்தப் பெட்டியில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவை வாய்விட்டு மன்னிப்புக் கேட்கலாமென்று எத்தனையோ நாள் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்காது என்று ஜம்பம் அடிக்கிறவளுக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் வாய் வரவில்லை. அவள் கேம் விளையாடுவதையும் விட்டுவிட்டாள். போன் கைப்பையில் இருக்கும். முலுண்ட் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரம் பார்த்தேன். நாலாவது வாரத்திலிருந்து நான் எட்டு ஐம்பத்துமூன்று வண்டியில் போக ஆரம்பித்தேன். ஆபீசில் நேரம் மாற்றிவிட்டார்கள் என்று அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு பொய்யும் எழுதினேன். "ஓகே மாமி" என்று பதில் போட்டாள்.

எட்டு மாதம் ஓடிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. கூட ஒரே வரி: "நானே பண்ணினேன் மாமி. அரை மணி ஆகும்."

இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாஹிலின் டேப்லெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். ரயில் சத்தம் கேட்டது. அவளே பதிவு செய்திருக்கிறாள். நடுவில் "அக்லா ஸ்டேஷன் வித்யாவிஹார்" என்று அடுத்த ஸ்டேஷனைச் சொல்கிற குரல்கூட இருந்தது. போட்டோ எடுத்து அதன்மேல் வரைந்த படங்கள். பெண்கள் பெட்டி, ஜன்னல் கம்பி, பட்டாணி உரிக்கிற கைகள். எதிர் சீட்டில் மூக்குத்தி போட்டு, கட்டம் போட்ட காட்டன் புடவையில் ஒரு மாமி. எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தாள், மாமி என்கிற வார்த்தை மட்டும் மாமி.

அந்த மாமி அச்சு அசல் நான்தான். மூக்கை நுழைக்கிறாள். அக்கா தங்கை பாத்திரங்களுக்காகச் சண்டை போடுகிறாள். பிறகு காட்கோபர் வந்தது. போன் அடித்தது. சீரியஸ் என்றது. நான் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்து வரப்போகிற வாக்கியம் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்ததாயிற்றே.

தட்டினேன். மாமி அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கிறாள். "பிளைட்டில் போ. வழியில் யார் கூப்பிட்டாலும் எடு, பேசு" என்கிறாள்.

நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான். எடு, பேசு. அந்தப் பெண் சரி மாமி என்று தலையாட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்கு ரயிலில் போகிறாள். போன் அடிக்கிறது. திரையில் மாமாவின் பெயர். எடுக்கவா வேண்டாமா என்று கேட்கும், எடு என்பதைத் தொடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. எங்கே தட்டினாலும் மணி ஓய்ந்து ஜன்னலுக்கு வெளியே அடுத்த ஊர் வருகிறது. ஏழு ஊர். நான் திரை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் அவள் பந்தல் போட்ட ஒரு வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். அதோடு முடிந்துவிட்டது.

திரும்ப முதலிலிருந்து விளையாடினேன். வேறு வேறு பதிலைத் தொட்டுப் பார்த்தேன். மாமியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எரிந்து விழுந்தேன், பேசாமலே இருந்தேன். என்ன செய்தாலும் அவள் காட்கோபரில் கையைப் பிடித்து எடு, பேசு என்றுதான் சொல்கிறாள். நான் சொன்னதை அந்தக் கேமில் எங்கேயும் காணோம்.

கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். எந்தெந்தத் தேசமோ, பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. அப்பா ஞாபகம் வந்தது, அழுதேன் என்று பலர். அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது என்று சிலர். அவ்வளவு சொல்லியும் எடுக்காமல் இருந்தாளே, அவளுக்கு நன்றாக வேண்டும் என்று ஒருவன். இன்னொருத்தி எழுதியிருந்தாள்: எனக்கும் அந்த மாமி மாதிரி ஒருத்தர் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா. அதற்கு அறுபது பேர் லைக் போட்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் முலுண்ட் ஸ்டேஷனில் போய் நின்றேன். அவள் ஆபீஸ் விடுகிற நேரம் எனக்குத் தெரியும். பாலத்திலிருந்து இறங்கி வந்தாள். மெலிந்து போயிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வெளையாடுனீங்களா மாமி?" என்று கேட்டாள்.

"ஏன்டி அப்படி எழுதின? நான் அப்படிச் சொல்லவே இல்லையேடி."

அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மொதல்ல நீங்க சொன்னத அப்படியேதான் போட்டேன். விளையாடிப் பாக்கச் சொல்லி நாலஞ்சு பேருக்கு அனுப்புனேன். எல்லாரும் அந்த மாமியத்தான் ஏசுனாவ. ரொம்ப அசிங்கமா ஏசுனாவ மாமி. எனக்குத் தாங்கல."

"ஏசட்டுமே. நியாயம்தானே."

"நீங்க எனக்கு நல்லது நெனச்சுத்தான் சொன்னீங்க. அத எப்படி எழுதுனாலும் ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்கு. போனு எங்கையில இருந்திச்சு. எடுக்காதது நாந்தான."

எனக்கு வாய் வந்தது. இத்தனை மாதம் வராதது அந்தப் பிளாட்பாரத்தில், இத்தனை சனத்துக்கு நடுவில் வந்தது. "வடிவு, நான் தப்புப் பண்ணிட்டேன்டி. உங்கப்பாவை உங்கிட்டேர்ந்து நான்தான் பிரிச்சேன். என்னை மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்யதை இல்ல. அந்தக் கேமை மாத்திடு. நான் சொன்னதையே போடு. உலகம் பூரா என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. நீ செய்யாததை உன் தலையில போட்டுக்காதே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்றிருந்தது.

"வேணாம் மாமி" என்றாள். "அதுலயாவது எங்கிட்ட ஒரு ஆளு எடுன்னு சொல்லட்டும்."

சி.எஸ்.டி. பக்கம் திரும்பிப் போகிற ஸ்லோ வண்டி வந்து நின்றது. அவள் கையை விட்டுவிட்டு ஏறிக்கொண்டாள், வாங்க மாமி என்று உள்ளிருந்து கூப்பிட்டாள். நான் ஏறவில்லை. அடுத்த வண்டியிலும் ஏறவில்லை.